ரெண்டுங்கெட்டான்

வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கடை திறந்தான் மீர் தாத்.
சொஹாரின் தொழிற்பேட்டைக் கடைசித் தெரு,
தகரக் கொட்டகைக்குள் மூன்று பைக்குகள்.
மூன்றும் பழையவை. மூன்றும் அன்று காலை கழுவியவை.

கழுவின வண்டியை நம்பாதே என்பான் ஜெபக்கனி,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
ஸ்போக் கம்பியின் வேரில் விரலை விடு,
மணலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.
விட்டேன்.
மூன்றிலும் மணல்.

"யாருக்கு மேடம், கணவருக்கா?"
"இந்தக் கால்களுக்கு" என்றேன்.
ஐந்தடி இரண்டங்குலம். அதற்கு மேல்
ஷூவின் அடித்தோல் மட்டும்.

என் கணக்கு இது:
ஞாயிறு முதல் வியாழன் வரை கடற்கரை நெடுஞ்சாலை,
நூற்றிருபதில் முந்திப்போகும் டிரெய்லர்கள்
காற்றால் கன்னத்தில் அறையும்.
சனிக்கிழமை வாதி ஜிஸ்ஸியின் கிளைப்பாதைகள்,
தேங்காய் அளவுக் கற்கள்,
கணுக்கால் தண்ணீர்,
வழிவிட யோசிக்கும் ஆடுகள்.
இரண்டுக்கும் ஒரே வண்டி,
ஒரே சம்பளம்.

இருநூற்றைம்பது கன்றுக்குட்டி.
கல்லில் துள்ளும், சொன்ன பேச்சுக் கேட்கும்.
நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டதும்
குளிர்காய்ச்சல்காரன் கைபோல் ஹேண்டில்பார் உதறும்.
இருக்கையோ
பள்ளிக்கூட ஸ்கேல்.

அறுநூற்றைம்பதில் உட்கார்ந்தேன். சோபா.
டிரெய்லர் காற்றை ஒரு தும்மலாக எடுத்துக்கொள்ளும் உடம்பு.
ஆனால் ஒரு பக்கத்துக் கட்டைவிரல் மட்டுமே
ஓமானைத் தொட்டது.

"ஓட்டிப் பாருங்கள் மேடம்."
"அப்புறம். முதலில் இதைக் கீழே படுக்க வையுங்கள்."

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
பெற்ற பிள்ளையைத் தரையில் போடச் சொன்னதுபோல.

அவனுக்கு எப்படிச் சொல்வேன்,
மார்ச்சில் இரவல் வண்டியோடு விழுந்ததை,
தூக்க முடியாமல் அதன் பக்கத்திலேயே
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை,
பெட்ரோல் சொட்டுச் சொட்டாய்க்
கூழாங்கல்லுக்குள் இறங்கியதை.
குதிரைமசால் ஏற்றிய பிக்கப்பில் வந்த கிழவர்
இறங்கினார், தூக்கினார், போனார்.
ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.
கேட்காததுதான் இன்னும் குறுகுறுக்கிறது.

ஓடுகிற வண்டியை யாரும் ஓட்டிவிடலாம்.
விழுந்த வண்டிதான் எனக்குத் தெரிய வேண்டியது.

சாக்கு விரித்துப் படுக்கவைத்தோம்.
வண்டிக்கு முதுகு காட்டி,
முழங்காலை மடக்கி,
பின்புறத்தை இருக்கையில் கொடுத்துப்
பின்னாலேயே நடக்க வேண்டும்.
அறுநூற்றைம்பது ஒரு சாண் எழுந்து
யோசித்து
மறுபடி படுத்துக்கொண்டது.

நடுவில் நின்ற நானூறை யாரும் பார்த்திருக்கவில்லை.
சாம்பல் நிறம், இடப்பக்கம் நீளக் கீறல்,
சாதாரண முகம்.
முதல் தடவை வழுக்கியது.
இரண்டாவதில், எங்கோ ஒரு பட்டன் தெறிக்க,
எழுந்து நின்றது.
நானும்தான்.

டயரைக் குனிந்து பார்த்த ஜெபக்கனி உதட்டைப் பிதுக்கினான்.
"பாதி ரோட்டுக்கு, பாதி மண்ணுக்கு.
சுத்த ரெண்டுங்கெட்டான்."
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
அம்மா போனில் என்னைத் திட்டுவாள்.
ஆறு வருடம், மூன்று முறை புதுப்பித்த ரெசிடன்ட் கார்டு.
இங்கே அதையே
விற்பனைக் குணமாகச் சொல்லுகிறார்கள்.

தொள்ளாயிரத்தைம்பது ரியால் என்றான்.
எண்ணூறு என்றேன்.
கீறலைத் தடவினேன்.
செயினை அசைத்தேன்.
பேசாமல் நின்றேன், அதுதான் வேலை செய்தது:
எண்ணூற்று எழுபது, பின்னால் ஒரு லக்கேஜ் கம்பியோடு.

மக்ரிப் நேரம். முதல் ரவுண்டபவுட் தாண்டவில்லை,
போன் அதிர்ந்தது.
ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
எந்தப் பேப்பரை மறந்தேனோ.

"மேடம், பட்டன் கிடைத்தது.
பெரிய வண்டிக்குக் கீழே இருந்தது. வைத்திருக்கவா?"

"வைத்திருங்கள் மீர் தாத்.
ஆயில் மாற்ற வரும்போது
வாங்கிக்கொள்கிறேன்."